திரவச் சலவைப் பொருள்: மாற்றத்தைப் புட்டியில் தொடங்குவதா, கலவையில் தொடங்குவதா?

கேள்வி: புதுக்கலவை

வணக்கம். வீட்டுத் தூய்மைப் பொருள்கள் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் பொருள் மேம்பாட்டுப் பிரிவில் பணியாற்றுகிறேன். எங்கள் திரவச் சலவைப் பொருளைச் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்த நிர்வாகம், புட்டியின் எடையில் பாதி மறுசுழற்சி பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும் என்பதை முதல் இலக்காக வைத்து, எங்களிடம் கேட்பதற்கு முன்பே அதை வெளியில் அறிவித்தும் விட்டது.

அதன்படி எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீன் பிளாஸ்டிக்) மறுசுழற்சிக் குருணையைப் பாதிக்குப் பாதி கலந்து புட்டிகள் ஊதி, நிரப்பி, கிடங்கில் அடுக்கினோம். நிரப்பும்போது ஒரு குறையும் தெரியவில்லை. ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, அடுக்கின் கீழ் வரிசைகளில் இருந்த புட்டிகளில் அடிப்பகுதி ஒட்டுக்கோட்டை ஒட்டி மெல்லிய விரிசல்கள் விழுந்து திரவம் கசிந்திருந்தது. அடுத்த தொகுதிக் குருணையில் விரிசல் குறைந்தது. ஆனால் புட்டி சாம்பல் பூத்த நிறத்தில் வந்ததோடு, வேறு ஏதோ பழைய வாசனையும் அடித்தது. சப்ளையரைக் கேட்டால், இரண்டு தொகுதிகளும் ஒரே தர அறிக்கையின்படிதான் வந்துள்ளன என்கிறார்.

இதற்கிடையே என் மேலாளர், புட்டியை விட்டுவிட்டுக் கலவையைச் செறிவாக்கினால் எல்லாம் தானாகக் குறையும் என்கிறார். விற்பனைப் பிரிவு அதற்கு உடன்படவில்லை. எதைத் தொட்டாலும் சப்ளையர், நிரப்பு வரிசை, கிடங்கு, லாரி என்று சங்கிலி முழுவதும் அசைகிறது. இந்த வேலையில் அனுபவமுள்ளவர்கள் எந்த முனையில் தொடங்கினீர்கள் என்பதையும், எங்கள் புட்டியில் ஏன் விரிசல் விழுந்தது என்பதையும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஊதுஅச்சு

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதுதான் என் தொழில். நீங்கள் விவரிப்பது அழுத்த விரிசல் என்னும் பழைய நோய். பாலிஎதிலீன் தனியாக இருந்தால் தாங்கும் பாரத்தை, சோப்புத் திரவம் தொட்டுக்கொண்டிருக்கும்போது தாங்காது. திரவம் பிளாஸ்டிக்கைக் கரைப்பதில்லை; ஏற்கெனவே இழுவிசையில் இருக்கும் இடங்களில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டு நழுவ வழி செய்துகொடுக்கிறது. புட்டியின் அடிப்பக்க ஒட்டுக்கோடு, கைப்பிடியின் வளைவு, மூலைகள் ஆகியவற்றில் ஊதும்போதே உள்விசை தங்கிவிடும். அதன் மேல் அடுக்கின் பாரமும் கிடங்கின் வெப்பமும் சேர்ந்தால், விரிசல் அங்கேதான் முதலில் விழும்.

மறுசுழற்சிக் குருணையில் இது ஏன் கூடுகிறது என்பதற்குக் காரணம் குருணையின் பூர்வீகம். சலவைத் திரவப் புட்டிக்கென்று வாங்கும் புதுப் பிசின் கோபாலிமர் வகை. அதன் சங்கிலிகளில் உள்ள சிறு கிளைகள் படிக அடுக்குகளை ஒன்றோடொன்று கட்டிவைப்பதால் விரிசலை எதிர்க்கும். பால் புட்டி பெரும்பாலும் அந்தக் கிளைகள் இல்லாத ஹோமோபாலிமரில் செய்யப்படுகிறது. அது விறைப்பானது, ஆனால் சோப்பின் முன் நிற்காது. இரண்டும் எச்டிபிஇ என்ற ஒரே பெயரில், மறுசுழற்சிக்கு ஒரே மூட்டையில் வருகின்றன. உங்கள் முதல் தொகுதியில் பால் புட்டி மிகுந்திருக்கும். இரண்டாவதில் பழைய சோப்பு, ஷாம்புப் புட்டிகள் மிகுந்திருக்கும். விரிசல் குறைந்ததும், நிறம் மங்கியதும், பழைய வாசனை வந்ததும் ஒரே காரணத்தால்தான் என்று நினைக்கிறேன். சப்ளையர் பொய் சொல்லவில்லை. அவருடைய தர அறிக்கையில் அடர்த்தியும் உருகு ஓட்டமும் (உருகிய பிசின் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்ற அளவு) இருக்கும். உங்களுக்குத் தேவையான விரிசல் எதிர்ப்பு அந்தத் தாளில் ஒரு வரியாகக்கூட இருக்காது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, மூன்றடுக்குப் புட்டி: உள்ளேயும் வெளியேயும் புதுப் பிசின், நடுவில் மறுசுழற்சிக் குருணை. திரவம் குருணையைத் தொடாது, நிறமும் மறைந்துவிடும். பாதிக்கு மேல் மறுசுழற்சி கலந்த புட்டிகள் பலவும் இப்படித்தான் கடைக்கு வருகின்றன. ஆனால் இதற்கு வேறு ஊது இயந்திரம் வேண்டும். மற்றொன்று, அடிப்பகுதியின் வடிவத்தை மாற்றி மூலைகளை உருட்டுவது. அச்சுச் செலவோடு முடியும். எதுவானாலும், ஆறு வாரம் கிடங்கில் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உங்கள் திரவத்தையே ஊற்றி, மூடி, 60 டிகிரி வெப்பத்தில் வைக்கும் சோதனையை ஒவ்வொரு தொகுதிக் குருணைக்கும் செய்தால், சில நாள்களில் தெரிந்துவிடும்.

பேச்சோடு பேச்சாக: சாம்பல் நிறத்தை மறைக்கக் கறுப்பு நிறமி சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வழக்கமான கார்பன் கறுப்பு அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால், பிரிப்பு நிலையத்தின் ஒளியுணரிக்கு அந்தப் புட்டி கண்ணில் படாது. மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் செய்த புட்டியே மறுசுழற்சிக்குப் போகாமல் குப்பைக்குப் போகும். புட்டி முழுவதையும் சுற்றிய வேறு பிளாஸ்டிக்கின் சுருங்கி ஒட்டும் உறையும் இதே கேட்டைச் செய்யும். உணரி உறையைப் படித்துவிட்டு, உள்ளிருக்கும் புட்டியைத் தவறான பக்கம் தள்ளிவிடும்.

பதில் 2: ஒரு துவைப்பு

மேலே சொன்ன எதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேள்வியின் முதல் பாதி, அதாவது எங்கே தொடங்குவது என்பது, புட்டியைப் பற்றிய பேச்சில் மறைந்துவிடக்கூடாது.

நான் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு, அதாவது ஒரு பொருள் மூலப்பொருளிலிருந்து குப்பை வரை ஏற்படுத்தும் சுற்றுச்சூழல் சுமையைக் கணக்கிடும் வேலை, செய்பவன். இந்தத் துறையின் தொடக்கமே பேக்கேஜிங்கிலிருந்துதான். 1969-இல் கோகோ கோலா நிறுவனம் தன் பானக் கலன்களை ஒப்பிடச் செய்த ஆய்வைத்தான் இதன் முன்னோடியாகச் சொல்வார்கள். அதனாலோ என்னவோ, இன்றும் எல்லோருக்கும் முதலில் புட்டிதான் கண்ணில் படுகிறது. சலவைப் பொருளில் கணக்கு வேறு. ஐஎஸ்ஓ 14040, 14044 ஆகிய தரநிலைகளின்படி ஒப்பீட்டுக்கு ஓர் அலகைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த அலகு ஒரு புட்டியோ ஒரு லிட்டரோ அல்ல. ஒரு முறை துணி துவைப்பது. அப்படிக் கணக்கிட்டால், வெந்நீரில் துவைக்கும் வீடுகளில் தண்ணீரைச் சூடாக்கும் மின்சாரமே மற்ற எல்லாவற்றையும் விஞ்சி நிற்கிறது. அடுத்து வருவது சர்ஃபாக்டன்ட் (அழுக்கைத் துணியிலிருந்து பிரித்தெடுக்கும் வேதிப்பொருள்) முதலிய மூலப்பொருள்கள். புட்டியும் லாரியும் அதற்குப் பிறகுதான். குளிர்ந்த நீரில் துவைக்கும் வீடுகளில் அந்த முதல் சுமை நீங்கிவிடுவதால் மூலப்பொருள் முதலிடத்துக்கு ஏறும். கழிவுநீரில் போகும் வேதிப்பொருளும், ஆற்றில் சேரும் பிளாஸ்டிக்கும் கார்பன் கணக்கில் வராத தனிப் பேரேடுகள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புட்டி வேலை வீண் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகவே உங்கள் நிர்வாகத்திடம் முதலில் கேட்க வேண்டியது, எந்தச் சுமையைக் குறைக்கப் போகிறோம் என்பதுதான். கார்பன் என்றால், குறைந்த வெப்பத்தில் அழுக்கு நீக்கும் கலவையே உங்கள் பெரிய வேலை. புரதக் கறைக்கும் கொழுப்புக் கறைக்கும் உரிய நொதிகள் இதற்கென்றே உள்ளன. திரவத்தில் அவற்றை உயிரோடு வைப்பது கடினம். புரதத்தைத் தின்னும் நொதி, பக்கத்திலிருக்கும் மற்ற நொதியையும் தின்றுவிடும். கலவையில் தண்ணீர் குறையக் குறைய இந்தச் சிக்கல் ஓரளவு தணியும். உங்கள் மேலாளரின் செறிவாக்க யோசனைக்கு அவரே எண்ணியிராத ஒரு நன்மை இது.

நிர்வாகம் ஏன் புட்டியைப் பிடித்தது என்பதற்கும் ஒரு கணக்கியல் காரணம் இருக்கிறது. மதிப்புச் சங்கிலி உமிழ்வுகளை 15 வகைகளாகப் பிரிக்கும் ஜிஎச்ஜி புரோட்டோகால் என்னும் பசுங்குடில் வாயுக் கணக்குத் தரநிலையில், விற்ற பொருளின் பயன்பாடு ஒரு வகை. ஆனால் சோப்புக்காக வாங்குபவர் தண்ணீர் சுடவைப்பது மறைமுகப் பயன்பாடாகக் கருதப்படுகிறது. அதைக் கணக்கில் காட்டுவது கட்டாயம் அல்ல. காட்டாவிட்டால், அறிக்கையில் புட்டியும் மூலப்பொருளும் பெரிதாகத் தெரியும். அறிக்கையில் எது பெரிதாகத் தெரிகிறதோ அதற்குத்தான் பணம் ஒதுக்கப்படும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், அந்த ஒரு வரியைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் இரண்டு காலாண்டுகள் கழிந்தன.

பதில் 3: அளவுமூடி

செறிவாக்கம் காகிதத்தில் மிக அழகான யோசனை. சாதாரணச் சலவைத் திரவத்தில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். தண்ணீரை லாரியில் ஏற்றி அனுப்புவதை நிறுத்தினால் புட்டி சிறுக்கும், அட்டைப்பெட்டி குறையும், ஒரு பேலட்டில் இரு மடங்கு துவைப்புகள் ஏறும். ஆனால் இவை எல்லாம், வாங்குபவர் பாதி அளவு மட்டும் ஊற்றினால்தான். பழைய மூடி நிறைய ஊற்றிப் பழகிய கை புது மூடியையும் நிறைய ஊற்றும். அப்போது ஒரு துவைப்புக்கு இரு மடங்கு சர்ஃபாக்டன்ட் சாக்கடைக்குப் போகிறது. வாங்கியவரோ, சீக்கிரம் தீர்ந்துவிட்டது என்று வேறு பொருளுக்கு மாறிவிடுகிறார்.

விற்பனைப் பிரிவின் அச்சத்தையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. அலமாரியில் சிறிய புட்டி பெரிய புட்டிக்குப் பக்கத்தில் நின்றால், குறைவாகத் தருகிறார்கள் என்றே தோன்றும். ஜப்பானில் 1987-இல் காவோ நிறுவனத்தின் அட்டாக் செறிவுத்தூள் தன் பலத்திலேயே சந்தையைத் திருப்பியது உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் திரவங்கள் செறிவுக்கு மாறியது, வால்மார்ட் 2007-இல், இனிச் செறிவுத் திரவம் மட்டுமே விற்போம் என்று அறிவித்து, 2008-க்குள் எல்லாரையும் ஒரே நேரத்தில் மாற வைத்தபோதுதான். தனியாக மாறும் நடுத்தர நிறுவனத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

வாங்குபவர் எதைப் பொறுப்பார் என்பதைக் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது என்பதற்கு இன்னொன்று. ஃப்ரிட்டோ லே நிறுவனம் சன்சிப்ஸ் நொறுக்குத்தீனிக்கு மக்கும் பையைக் கொண்டுவந்தது. பை மக்கியது, ஆனால் கையில் எடுத்தால் காது அடைக்கும் அளவுக்குச் சத்தம் போட்டது. 2010-லேயே பெரும்பாலான வகைகளிலிருந்து அதைத் திரும்பப் பெற்றார்கள். மக்கும் தன்மை, ஈரத்தடுப்பு, அச்சு என்று எல்லாவற்றையும் சோதித்திருப்பார்கள்.

என் கருத்து: செறிவாக்குவதானால் மூடியைக் கலவையோடு சேர்த்து வடிவமையுங்கள். நிறைய ஊற்ற முடியாத சிறு மூடி, அல்லது அழுத்தினால் ஓர் அளவு மட்டும் வரும் அமைப்பு. பின்பக்க லேபிளில் எழுதும் அறிவுரையை யாரும் படிப்பதில்லை.

கேள்வி கேட்டவர்: புதுக்கலவை

மூவருக்கும் நன்றி. தர அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ஊதுஅச்சு அவர்கள் சொன்னபடி, விரிசல் எதிர்ப்பு பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பயன்பாட்டு உமிழ்வு எங்கள் கணக்கில் சேர்க்கப்பட்டதா என்று கேட்டதற்கு, இல்லை என்று பதில் வந்தது.

மூலப்பொருள்தான் இரண்டாவது பெரிய சுமை என்றால், அதையும் கேட்டுவிடுகிறேன். எங்கள் சர்ஃபாக்டன்ட் சப்ளையர், தாம் தருவது நிலையான முறையில் விளைந்த பாமாயிலிலிருந்து வந்தது என்று ஒரு சான்றிதழ் அனுப்பியிருக்கிறார். அதில் மாஸ் பேலன்ஸ் என்று குறிப்பிட்டிருக்கிறது. இதை வைத்துக்கொண்டு, எங்கள் திரவத்தில் காடழிப்பு இல்லை என்று லேபிளில் எழுதலாமா? இல்லையென்றால் தேங்காய் எண்ணெய் வழிக்கு மாறிவிடலாமா?

பதில் 4: மூன்றாம் படி

எழுதக்கூடாது. கொள்முதலில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் சர்ஃபாக்டன்டின் சங்கிலியைப் பின்னோக்கி நடந்து பாருங்கள். தோட்டத்துக் குலை ஆலைக்குப் போகிறது. அங்கே பழச்சதையின் எண்ணெய் ஒரு பக்கம் போக, உள்ளிருக்கும் பருப்பு வேறு ஆலைக்குப் போய் நசுக்கப்படுகிறது. சோப்புக்கு வேண்டிய லாரிக் அமிலம் இந்தப் பருப்பெண்ணெயில்தான் மிகுதி. பிறகு சுத்திகரிப்பு, பிளப்பு, கொழுப்பு ஆல்கஹால், அதன்மேல் வேதிவினை என்று ஒவ்வொரு படியிலும் பல இடத்துச் சரக்கு ஒரே தொட்டியில் கலக்கிறது. உங்கள் வாயிலுக்கு வரும் பீப்பாயில் நூற்றுக்கணக்கான ஆலைகளின் எண்ணெய் இருக்கக்கூடும்.

நிலையான பாமாயிலுக்குச் சான்று தரும், 2004-இல் தொடங்கிய ஆர்எஸ்பிஓ அமைப்பு இதற்காகத்தான் நான்கு விதமான வழிகளை வைத்திருக்கிறது. ஒரே தோட்டத்துச் சரக்கை அடையாளம் மாறாமல் கொண்டுவருவது ஒன்று. சான்று பெற்ற சரக்கை மட்டும் தனித்தொட்டியில் பிரித்து வைப்பது இரண்டாவது. மாஸ் பேலன்ஸ் என்பது மூன்றாவது: சான்று பெற்றதும் பெறாததும் ஒரே தொட்டியில் கலக்கலாம், ஆனால் உள்ளே எத்தனை டன் சான்றுச் சரக்கு வந்ததோ அத்தனை டன்னுக்கு மேல் சான்றோடு விற்கக்கூடாது. பொதுத் தொட்டியில் நூறு குடம் நல்ல தண்ணீர் ஊற்றியவருக்கு நூறு குடம் எடுத்துக்கொள்ள உரிமை உண்டு. எடுக்கும் குடத்தில் அவர் ஊற்றிய தண்ணீர்தான் இருக்கிறது என்று சொல்ல உரிமை இல்லை. நான்காவது வழியில் சரக்கே வராது. சான்று மட்டும் விற்கப்படும். ஆகவே உங்களிடம் இருப்பது நல்ல தோட்டத்துக்குப் பணம் போய்ச் சேர்ந்ததற்கான கணக்கு. அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அது உங்கள் புட்டிக்குள் இருப்பதைப் பற்றிய வாக்குமூலம் அல்ல.

தேங்காய்க்கு மாறுவது, பெயரில் மட்டும் நல்லது. எண்ணெய்ப்பனை ஓர் எக்டேரில் ஆண்டுக்குச் சராசரியாக 3 டன்னுக்கு மேல் எண்ணெய் தருகிறது. தென்னை 1 டன்னைத் தொடுவதே அரிது. பருப்பெண்ணெய் பனையின் உடன்விளைபொருள் என்பதால் இந்த ஒப்பீடு முழுவதும் நேரானதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உலகின் சோப்பு முழுவதும் தென்னைக்கு மாறினால் எவ்வளவு புது நிலம் வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். பயிரை மாற்றுவதைவிட, அதே பயிரின் எந்த நிலம் என்று கேட்பதே பயன் தரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புச் சட்டமும் இந்தப் பாதையில்தான் போகிறது: தன் வரம்புக்குள் வரும் பொருளுக்கு, 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளையவில்லை என்பதை நிலத்தின் புவி ஆயங்களோடு காட்டச் சொல்கிறது.

நடுத்தர நிறுவனம் ஐந்து படிகள் மேலே போய்த் தோட்டத்தைப் பார்க்க முடியாது. ஆனால் உங்கள் நேரடி சப்ளையரிடம் அவருடைய ஆலைப் பட்டியலைக் கேட்கலாம். பெரிய நிறுவனங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பதால் பலரிடம் அது தயாராக இருக்கும். தர மறுப்பவர் யார் என்பதும் ஒரு தகவல்தான்.

இதே பழக்கம் உங்கள் குருணைக்கும் பொருந்தும். காலாண்டுக்கு ஒருமுறை, கச்சா எண்ணெய் விலையைப் பார்த்து, மலிவானவரிடம் வாங்கினால் ஒவ்வொரு முறையும் வேறு பூர்வீகம்தான் வரும். கச்சா எண்ணெய் விலை சரிந்தால் புதுப் பிசின் மறுசுழற்சிக் குருணையைவிட மலிவாகிவிடும். அன்று நீங்கள் விலகிவிடுவீர்கள் என்று சப்ளையருக்குத் தெரியும். தெரிந்தவர், பால் புட்டியையும் சோப்புப் புட்டியையும் தனித்தனியே பிரிக்கும் இயந்திரத்தில் ஏன் பணம் போடுவார்? இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அளவை உறுதிசெய்து, விலையைப் புதுப் பிசினின் விலையிலிருந்து பிரித்துக் கட்டுங்கள். தொகுதிக்குத் தொகுதி உள்ள வேறுபாடு அப்போதுதான் குறையும்.

ஒரு பழைய கதையும் சொல்லத் தோன்றுகிறது. 1950-களிலும் 60-களிலும் ஆறுகளில் சோப்பு நுரை மலைபோல் நின்றது. அன்றைய சர்ஃபாக்டன்டின் கிளைத்த சங்கிலியை நுண்ணுயிர்களால் உடைக்க முடியவில்லை. கிளையில்லாத நேர்ச்சங்கிலிக்கு மாறியபோது நுரை அடங்கியது. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 1965-இல் அந்த மாற்றத்தை முடித்தார்கள். அதற்கான ஆலைகளைக் கட்டியவர்கள் சோப்பு நிறுவனங்கள் அல்ல, அவர்களுக்கு இரண்டு படி மேலே இருந்த மூலப்பொருள் தயாரிப்பாளர்கள். கடை அலமாரியில் நின்றவருக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. பெட்டி அதே பெட்டிதான்.

பதில் 5: ஊதுஅச்சு

ஒரு எச்சரிக்கை மட்டும். கலவையைச் செறிவாக்க முடிவெடுத்தால், இப்போதைய திரவத்தை வைத்துச் செய்யும் விரிசல் சோதனை எதற்கும் உதவாது. சர்ஃபாக்டன்ட் கூடினால் விரிசல் கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். சில நேரம் நீர்த்த கரைசலே மோசமாகத் தாக்கும். முன்கூட்டிச் சொல்ல முடியாது. இறுதிக் கலவை, இறுதிக் குருணை, இறுதி வடிவம் ஆகிய மூன்றும் சேர்ந்த பிறகுதான் சோதனை. அச்சுக்கு ஆர்டர் கொடுப்பதை அதுவரை நிறுத்தி வையுங்கள். அளவுமூடி அவர்கள் சொன்ன மூடிக்காகக் கழுத்தின் விட்டமும் மாறக்கூடும்.

கேள்வி கேட்டவர்: புதுக்கலவை

அச்சு ஆர்டரை இன்று காலை நிறுத்திவிட்டேன். குளிர்நீர்க் கலவையின் முதல் மாதிரிகளை இருவேறு செறிவுகளில் செய்யச் சொல்லியிருக்கிறேன். குருணை சப்ளையரிடம் மூட்டையின் பூர்வீக விவரம் கேட்டேன். நீண்டகால ஒப்பந்தம் என்றதும் குரலே மாறிவிட்டது. அறிவித்துவிட்ட பாதி எடை இலக்கை என்ன செய்வது என்பது மட்டும் நிர்வாகக் கூட்டத்துக்கு மிச்சமிருக்கிறது. 60 டிகிரி சோதனையின் முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.